ஐயாவின் நினைவு மலரும் புனேயில் ஒரு தாத்தாவும்

மாப்ளே,

உன் தாத்தா, நம் ஐயாவின் நினைவு மலருக்காக நீ எழுதிய கைப்பிரதி கிடைத்து எவ்வளவோ நாளாகிவிட்டது, பதிலே போடவில்லை என்று கோபமாக இருப்பாய். இங்கே புனேயில் எல்லோரும் சுகம். பேத்திக்குப் பல் முளைத்துவிட்டது, கையில் கிடைத்ததையெல்லாம் கடிக்கிறாள். ஒட்டடைக்குச்சி ரிட்டயர் ஆகிவிட்டானாமே, இனிமேலாவது வாங்கின முப்பது ரூபாயைத் தருவானா என்று கேட்டுச் சொல்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஐயாவைப் பற்றி நீ எழுதியதில் பள்ளிக்கூடம் இருக்கிறது, தண்ணீர்த்தொட்டி இருக்கிறது, ஜவ்வரிசி ஆலை இருக்கிறது. 1937-இல் ராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கு கொண்டுவரும்வரை ஐயா கள்ளுக்கடைக் குத்தகை எடுத்திருந்தாரே, அந்தப் பக்கத்தை மட்டும் சித்தப்பா எடுத்துவிடச் சொல்கிறார், நீ என்ன நினைக்கிறாய் என்று கேட்டிருந்தாய். வேண்டும், வேண்டாம் என்று ஒரு வார்த்தையில் சொல்லிவிடலாம்தான். ஆனால் இந்த ஊரில் கேம்ப் பக்கம் போகும்போதெல்லாம் என் மனதில் வந்து நிற்கும் வேறொரு தாத்தாவைப் பற்றிச் சொல்லாமல் உனக்குப் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அவர் பெயர் டேவிட் சசூன். பாக்தாத் யூதர், 1792-இல் பிறந்தவர். அப்பா அந்த ஊர் ஆளுநர்களிடம் தலைமைப் பொக்கிஷதாராக இருந்தவர், யூத சமூகத்துக்கே தலைவர். தாவூத் பாஷா அங்கே ஆளுநராக இருந்த காலத்தில் தொல்லை தாங்காமல் ஊரை விட்டு ஓடி, பாரசீக வளைகுடாவில் புஷேர் துறைமுகத்தில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு, 1832 வாக்கில் பம்பாய் வந்து சேர்ந்தார். அப்போதே நாற்பது வயது. அந்த வயதில் நாமெல்லாம் பி.எஃப். கணக்குப் போட்டுக்கொண்டிருந்தோம், அவர் புது ஊரில், புது பாஷையில் முதலிலிருந்து ஆரம்பித்திருக்கிறார்.

எட்டு மகன்கள். அவர்கள்தான் அவருடைய நிறுவனம். 1844-இல் இரண்டாவது மகன் எலியாஸைச் சீனாவுக்கு அனுப்பினார், அப்புறம் ஒவ்வொருவராக ஹாங்காங், ஷாங்காய், லண்டன் என்று போனார்கள். வியாபாரக் கடிதங்களை அரபியிலேயே, ஆனால் எபிரேய எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். வெளி ஆள் கையில் சிக்கினாலும் லேசில் படிக்க முடியாது. சனிக்கிழமை என்றால் கடை அடைப்பு, எவ்வளவு பெரிய சரக்கு காத்திருந்தாலும் சரி. 1853-இல் பிரிட்டிஷ் பிரஜை ஆனபோதும் ஆங்கிலத்தில் கையெழுத்துப் போடத் தெரியாமல் எபிரேயத்தில்தான் போட்டார். கடைசிவரை தலைப்பாகையும் நீள அங்கியும்தான். பிள்ளைகள் கோட்டு சூட்டுக்கு மாறினார்கள், அவர் மாறவில்லை. பாக்தாதிலிருந்து பிழைக்க வந்த ஏழை யூதர்களுக்கு அவர் கம்பெனியில் வேலை கிடைத்தது, அவர்களுடைய பிள்ளைகளுக்குப் பள்ளி கிடைத்தது. பைக்குல்லாவில் மேகன் தாவீத் தொழுகைக்கூடம் கட்டினார். பம்பாயில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்துக்கும் பெரும்பணம் கொடுத்திருக்கிறார், அங்கே அவருடைய பளிங்குச் சிலை இருக்கிறது. இந்த ஊரில் சசூன் ஆஸ்பத்திரி என்று சொன்னால் ஆட்டோக்காரர் வேறு எதுவும் கேட்க மாட்டார், ஏழைபாழைகள் இன்றைக்கும் அங்கேதான் போகிறார்கள். ஆஸ்பத்திரியும், ஜனங்கள் லால் தேவுள் என்று சொல்லும் செங்கல் தொழுகைக்கூடமும் கட்டி முடிந்தது 1867-இல். இரண்டையும் அவர் முழுசாகப் பார்க்கவில்லை. 1864 நவம்பரில் இதே புனேயில் இறந்துபோனார். அந்தத் தொழுகைக்கூட வளாகத்திலேயே கல்லறை.

இவ்வளவும் மலருக்குத் தோதான விஷயங்கள். இனி நான் சொல்வது அப்படி இல்லை.

பணம் பஞ்சிலும் துணியிலும் வந்தது உண்மைதான். அமெரிக்க உள்நாட்டுப் போரில் அந்த ஊர்ப் பஞ்சு நின்றுபோனதும் பம்பாய்ப் பஞ்சு விலை ஏறியதில் அவருக்கும் நல்ல பங்கு. ஆனால் அஸ்திவாரத்தில் அபினி இருக்கிறது, மாப்ளே. மத்திய இந்தியாவில் மாளவத்தில் விளைந்த அபினி பம்பாய் வழியாகக் கப்பலேறிச் சீனாவுக்குப் போகும், அங்கிருந்து வெள்ளியும் பட்டும் தேயிலையும் வரும். முதல் அபினிப் போர் முடிந்து 1842-இல் சீனத் துறைமுகங்கள் திறக்கப்பட்டன, அதற்கு இரண்டே வருஷத்தில் எலியாஸ் அங்கே நிற்கிறார். 1870களில் ஜார்டின் மாத்தேசன் மாதிரி ஆங்கிலேயக் கம்பெனிகள் அந்த வியாபாரத்திலிருந்து விலகியபோது சசூன் குடும்பம்தான் அதில் முன்னால் நின்றது. அவர் ஒருவர் மட்டும் இல்லை, பம்பாய்ப் பார்சி வியாபாரி ஜம்சேட்ஜி ஜீஜீபாய் ஆஸ்பத்திரி கட்டிய பணத்திலும் அபினி உண்டு. அன்றைக்கு இந்தியாவில் அது சட்டப்படி நடந்த வியாபாரம், சர்க்காரே அதற்கு வரி வாங்கியது. ஐயாவின் குத்தகையும் அப்படித்தானே? இருந்தாலும் சட்டம் அனுமதித்தது என்பதை நான் சமாதானமாகச் சொல்ல மாட்டேன். அபினிக் குழாயோடு படுத்துக் கிடந்த சீனக் குடும்பத்துத் தகப்பனுக்கும் பிள்ளைகள் இருந்தார்கள், பேரன் பேத்தி இருந்தார்கள். இதை நினைக்கும்போது எனக்கு உடம்பு கூசுகிறது. அதே ஆஸ்பத்திரி வாசலில் மருந்துச்சீட்டோடு நிற்கும் ஜனங்களைப் பார்க்கும்போது நன்றியும் வருகிறது. இரண்டில் ஒன்று மற்றதைக் கழித்துவிடும் என்று எனக்குத் தோன்றவில்லை.

அப்புறம் அந்தப் பேரப்பிள்ளைகளைப் பார். ஒரு பேத்தி, ரேச்சல் பீர், 1858-இல் பம்பாயில் பிறந்தவள். லண்டனில் அப்சர்வர், சண்டே டைம்ஸ் இரண்டு பத்திரிகைகளுக்கும் ஆசிரியராக இருந்தாள். ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்காருவதை யாரும் நினைத்துப் பார்க்காத காலம் அது. பிரெஞ்சு ராணுவத்தில் டிரெய்ஃபஸ் என்ற யூத அதிகாரியை, ஜெர்மனிக்கு ரகசியக் கடிதம் எழுதியதாகப் பொய்க் குற்றம் சாட்டித் தீவுக்கு அனுப்பினார்களே, அந்த வழக்கில் 'அந்தக் கடிதத்தை எழுதியது நான்தான்' என்று எஸ்டெர்ஹாசி என்ற இன்னொரு அதிகாரி ஒத்துக்கொண்டதை 1898-இல் வெளியிட்டது அவளுடைய அப்சர்வர். உண்மையை அச்சில் கொண்டுவந்து நிறுத்திய பேத்தி அவள். அந்தத் தாத்தாவைப் பற்றி எழுதுகிறவர்கள் அபினியை மறைத்தால் அவளுக்கே பிடித்திருக்காது என்று எனக்குப் படுகிறது.

ஐயாவும் நமக்கு வெறும் தண்ணீர்த்தொட்டி இல்லையே. திண்ணையில் உட்கார வைத்து நமக்குப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த மனுஷன். அந்த மனுஷன் குத்தகைக்காரராகவும் இருந்தார். குத்தகை போன பிறகு ஆலைக்கு மாறினார், தொட்டி கட்டினார். மனசு மாறியா, ஊர் வாய்க்குப் பயந்தா, வேறு வழியில்லாமலா, அதை நீதான் விசாரித்து எழுத வேண்டும். சித்தப்பாவை விட்டால் அந்தக் காலத்துப் பேச்சைக் கேட்டவர்கள் யாரும் இல்லை, அவருக்கும் இப்போது சரியாகக் காது கேட்பதில்லை என்கிறாய். அதனால் தள்ளிப்போடாதே.

அந்தப் பக்கம் இருக்கட்டும், எடுக்காதே. இன்னும் ஒரு பக்கம் கூடுதலாகவே எழுது. பரணில் ஐயாவின் குத்தகைக் கணக்கு நோட்டு இருக்கிறது என்று அத்தை ஒருமுறை சொன்னாள், கரையான் அரிக்கும் முன்னே போட்டோ எடுத்து எனக்கு அனுப்பு, எழுத்து புரியாத இடத்தை நான் படித்துச் சொல்கிறேன். சித்தப்பா கோபித்துக்கொண்டால் என்னிடம் பேசச் சொல். தீபாவளிக்கு ஊருக்கு வருகிறேன், அதுவரை அச்சுக்குக் கொடுக்காதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்