பாட்டா இருந்தது நேவியில் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஏப்ரல் 5 தேசியக் கடல்சார் தினத்தையொட்டி நீங்கள் வெளியிட்ட பக்கத்தைப் படித்தேன். 1919-இல் பம்பாயிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட 'லாயல்டி' கப்பல், அதற்கும் முன்பே 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கிய வ.உ.சி. என்று எல்லாம் வந்திருந்தது. கப்பலில் ஏறி வேலை பார்த்தவர்களைப் பற்றி மட்டும் ஒரு வரியும் இல்லை. அந்தக் குறையைச் சொல்லத்தான் எழுதுகிறேன். எங்கள் வீட்டுப் பெரியவர் ஒருவரைத் தேடி நான் அலைந்த கதையும் இதில் வரும். கொஞ்சம் நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பொழியூரில் வசிக்கிறேன். தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அம்மாவின் அப்பா பிறந்தது நீரோடியில். எங்கள் வீட்டிலிருந்து கடப்புறம் வழியாக நடந்தால் பத்து நிமிடம். நடுவில் கேரள–தமிழக எல்லை. பாட்டா வளர்ந்த காலத்தில் அந்தக் கோடே கிடையாது, இரண்டு பக்கமும் திருவிதாங்கூர்தான். 1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு தாலுகா தமிழ்நாட்டுக்குப் போனது, நெய்யாற்றின்கரை கேரளத்தோடு நின்றது. ஒரே குடும்பத்தில் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று ஆனது அப்படித்தான்.

"பாட்டா நேவியில இருந்தவரு" என்று சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். இரண்டாம் உலகச் சண்டை நடந்தபோது ஊரில் இல்லை, நாலைந்து வருஷம் கழித்து வந்தார், வரும்போது ஒரு தகரப்பெட்டி கொண்டுவந்தார். இவ்வளவுதான் வீட்டில் தெரியும். அவரும் வாய்விட்டுப் பேசுகிறவர் இல்லை. நான் பத்தாம் வகுப்புப் படிக்கும்போது இறந்துபோனார்.

பெட்டியில் ஒரு பதக்கம் இருந்தது. வெண்கல நிறத்தில் ஆறு முனை நட்சத்திரம். நடுவில் கிரீடமும் ஆறாம் ஜார்ஜ் மன்னரின் எழுத்துகளும், அதைச் சுற்றி 'தி அட்லாண்டிக் ஸ்டார்' என்ற பொறிப்பும். பின்பக்கம் வழவழவென்று வெறுமையாக இருக்கும், பெயர் ஏதும் வெட்டியிருக்காது. நாடாவில் நீலமும் வெள்ளையும் பச்சையும் ஒன்றில் ஒன்று கரைந்துபோகும். அட்லாண்டிக் கடலின் நிறங்கள் என்று பின்னால் தெரிந்துகொண்டேன். சின்ன வயதில் எனக்கு அது சோழக்காற்று நேரத்து எங்கள் கடல் மாதிரியே இருக்கும்.

பாட்டிக்கு ஏதாவது உதவித்தொகை கிடைக்குமா என்று கேட்க, 1980-களில் அம்மா இந்தப் பதக்கத்தைக் கைக்குட்டையில் சுற்றி எடுத்துக்கொண்டு ஓர் அலுவலகத்துக்கு மூன்று முறை போனார். மூன்றாவது முறை, மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பேரே இல்லையே, இதைக் கடையிலகூட வாங்கலாம்மா" என்று சொன்னாராம். அம்மா பதில் பேசாமல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பெட்டியைத் திறந்து நான் பார்த்ததில்லை.

ஓய்வு பெற்ற பிறகு நான் தேடத் தொடங்கினேன். முதலில் செய்த தவறு, வீட்டில் சொன்னதை நம்பி நேவி, நேவி என்றே தேடியது. கடற்படை மாலுமிகளின் பதிவுகளைக் கவனிக்கும் அலுவலகம் மும்பை மான்குர்டில் இருக்கிறது. அங்கே எழுதினேன். அப்படி ஒரு மாலுமி இல்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது. அவர்கள் சொன்னது சரிதான். பாட்டா ராயல் இந்தியன் நேவியில் சேரவே இல்லை. அவர் போனது சரக்குக் கப்பலில். அட்லாண்டிக் ஸ்டார் போர்க்கப்பல்காரர்களுக்கும் சரக்குக் கப்பல்காரர்களுக்கும் ஒன்றுபோலவே கொடுக்கப்பட்ட பதக்கம். அதை மட்டும் வைத்துக்கொண்டு எந்தப் பக்கம் என்று சொல்ல முடியாது.

உண்மை தெரிந்தது கடலரிப்பால். நீரோடியில் அம்மாவின் வீட்டு முன்சுவரைக் கடல் கொண்டுபோன வருஷம், சாமான்களை எங்கள் வீட்டுக்கு மாற்றினோம். தகரப்பெட்டியின் அடியில் விரித்திருந்த பழைய காகிதத்தைத் தூக்கினேன். அதற்குக் கீழே ஒரு சிறிய புத்தகம். கப்பலுக்குப் போகும் எங்கள் ஊர்ப் பையன்கள் இன்றைக்கும் 'சி.டி.சி.' என்கிறார்களே, மாலுமியின் வேலைப் பதிவுப் புத்தகம், அதேதான். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகத்தில் ஏறினார், எந்தத் தேதியில் இறங்கினார், என்ன வேலை என்று கட்டம் கட்டமாக இருந்தது. திறமை, நடத்தை என்ற கட்டங்களில் முட்டை வடிவ முத்திரை, அதற்குள் 'வெரி குட்'. ஒன்றுகூட மாறவில்லை, எல்லாமே 'வெரி குட்'. அம்மாவைக் கூப்பிட்டு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். "இன்னொரு தடவை சொல்லு" என்றார்.

ஆனால் கப்பல் பெயர் இருக்க வேண்டிய கட்டங்கள் சிலவற்றில் ஆறு இலக்க எண் மட்டும்தான் இருந்தது. போர்க்காலத்தில் கப்பல் போக்குவரத்து ரகசியம் என்பதால் பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் பதிந்திருக்கிறார்கள். அது பிரிட்டிஷ் கப்பல் ஒவ்வொன்றுக்கும் தரப்பட்ட பதிவு எண். கப்பல் கைமாறினாலும் பெயர் மாறினாலும் அந்த எண் மாறாது. 1930-இலிருந்து 1945 வரையிலான லாயிட்ஸ் கப்பல் பதிவேடுகள் இணையத்தில் கிடைக்கின்றன. எண்ணை வைத்துத் தேடியபோது கிளாஸ்கோவில் பதிவான ஒரு சரக்குக் கப்பல் என்று தெரிந்தது.

அந்தக் காலத்துக் கப்பல் ஆட்களின் பட்டியல்கள் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. 'பி.டி. 381' என்ற வரிசையில், கப்பல் எண்படி அடுக்கியிருக்கிறார்கள். என் மகளின் தோழி லண்டனில் நர்ஸ். விடுமுறை நாளில் போய், பெட்டியை எடுத்துத் தரச் சொல்லி, எங்களுக்காகப் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பினார். அவருக்கு எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது.

அந்தப் படங்களில் ஒன்றைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். பாட்டாவின் பெயர் மிக்கேல். எங்கள் கரையில் பாதிப் பேர் மிக்கேல், மீதிப் பேர் அந்தோணியும் சூசையும். பட்டியலிலும் ஒன்றுக்கு மேல் மிக்கேல்கள், ஒவ்வொருவருக்கும் ஒவ்வோர் எழுத்துக்கூட்டல். கையெழுத்துப் போடும் இடத்தில் வரிசையாகக் கட்டைவிரல் ரேகைகள், நீல மையில் பெரிய பெரிய பொட்டுகளாக. அவற்றுக்கு நடுவே ஓர் இடத்தில் மட்டும் தமிழ் எழுத்து. 'மிககேல' என்று, புள்ளி ஒன்றுகூட வைக்காமல். பாட்டிக்கு அனுப்பிய போட்டோவின் பின்னால் இருக்கும் அதே எழுத்து. அதற்கு நேரே, வேலை என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் 'பண்டாரி' என்று இருந்தது.

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஊரில் அவரைப் 'பண்டாரிப் பாட்டா' என்றுதான் கூப்பிடுவார்கள். காசு பணம் சேர்க்கத் தெரியாதவர், அதனால் 'பண்டாரம்' என்று கேலியாகச் சொல்லித் திரிந்த பெயர் என்றே நாங்கள் நினைத்திருந்தோம். அப்படிக் கூப்பிட்டவர்களிடம் சின்ன வயதில் நான் சண்டைக்கும் போயிருக்கிறேன். பண்டாரி என்றால் கப்பலில் நம் ஆட்களுக்குச் சோறு பொங்குகிறவர். அலை உயரும்போதும், குண்டு விழும் என்ற பயத்திலும், அத்தனை பேருக்கும் வேளைக்குச் சோறு போட்ட மனிதரின் பதவி அது. ஊர் சரியாகத்தான் கூப்பிட்டிருக்கிறது.

நம் ஆட்களை அப்போது 'லாஸ்கர்' என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டார்கள். அதே கடலில் அதே ஆபத்தில் வேலை பார்த்தும், வெள்ளைக்கார மாலுமி வாங்கியதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான சம்பளம். 1939-இல் போர் தொடங்கியதுமே பல துறைமுகங்களில் இந்திய மாலுமிகள் கப்பலேற மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள், சிறைக்கும் போனார்கள். நம் சுதந்திரப் போராட்டக் கதைகளில் இதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

இன்னொன்று. பாட்டா படுக்கும்போது தலைமாட்டில் மூடிபோட்ட பித்தளைச் செம்பில் தண்ணீர் இருந்தாக வேண்டும். நடு இரவில் எழுந்து செம்பைத் தூக்கிப் பார்த்து, கனத்தை உறுதி செய்துகொண்டு படுப்பார். குடிக்கக்கூட மாட்டார். நாங்கள் தண்ணீரைச் சிந்தினால் மட்டும்தான் அவருக்குக் கோபம் வரும். தேடலின் நடுவே 'சிட்டி ஆஃப் பெனாரஸ்' கப்பலைப் பற்றிப் படித்தேன். 1940 செப்டம்பர் 17 இரவு, பிரிட்டனிலிருந்து குழந்தைகளைக் கனடாவுக்கு ஏற்றிப்போன அந்தக் கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி அட்லாண்டிக்கில் மூழ்கடித்தது. ஓர் உயிர்காக்கும் படகில் 46 பேர் எட்டு நாள் கடலில் கிடந்து பிழைத்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நம் நாட்டு மாலுமிகள். அது பாட்டா போன கப்பல் இல்லை. ஆனால் ஆளுக்கு இவ்வளவு என்று தண்ணீரை அளந்து கொடுத்ததைப் படித்த அன்றைக்கு, அந்தச் செம்பு எனக்கு விளங்கியது மாதிரி இருந்தது.

பாட்டாவாவது திரும்பி வந்தார். திரும்பாத இந்திய வணிக மாலுமிகள் ஏறக்குறைய 6,000 பேர். வணிக மாலுமிகளுக்காக லண்டன் டவர் ஹில்லில் உள்ள நினைவுச் சின்னத்தில் இவர்கள் பெயரைத் தேடினால் கிடைக்காது. மும்பையிலும் சிட்டகாங்கிலும் வைத்திருக்கும் நினைவுப் புத்தகங்களில்தான் எழுதியிருக்கிறார்கள். ராயல் இந்தியன் நேவியில் இறந்த சுமார் 400 பேரின் பெயர்களும் அதே புத்தகத்தில் உண்டு. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் காசில்லாமல் தேடலாம்.

தேடுகிறவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். தமிழ்நாடு, கன்னியாகுமரி மாவட்டம் என்று தேடினால் எதுவும் வராது, அப்போது அவை இல்லை. திருவிதாங்கூர் என்று தேடுங்கள். அப்புறம், வயதை நம்பாதீர்கள். பாட்டாவின் புத்தகத்தில் பிறந்த வருஷம் 1912. ஆனால் ஊர் திரும்பியதும் அவர் ஐந்து சென்ட் நிலம் வாங்கிய மலையாள ஆதாரத்தில் (பத்திரத்தில்) கொல்லம் ஆண்டு 1121 மீன மாசம், தொழில் 'கப்பல் பணி', வயது 30 என்று இருக்கிறது. 1121-உடன் 825-ஐக் கூட்டினால் 1946. அப்படியானால் பிறந்தது 1916 வாக்கில். கோயில் ஞானஸ்நானப் பதிவேடும் அதையே சொல்கிறது. வேலை கிடைப்பதற்காக பம்பாயில் நாலு வயதைக் கூட்டிச் சொல்லியிருக்கிறார். வீட்டுக் கதைகளையும் தள்ளிவிடாதீர்கள். 'பம்பாய் துறைமுகம் வெடிச்சப்ப நான் அங்கதான்' என்று பாட்டா சொன்னதை யாரும் நம்பியதில்லை. 'ஃபோர்ட் ஸ்டிகீன்' கப்பல் வெடித்தது 1944 ஏப்ரல் 14. அவர் பம்பாயில் கப்பலிலிருந்து இறங்கியதாகப் புத்தகத்தில் இருக்கும் தேதி அதற்கு ஒன்பது நாள் முன்பு.

எங்கள் தெருவிலேயே மூன்றாவது வீட்டுப் பெரியவர் நிஜமாகவே ராயல் இந்தியன் நேவியில் இருந்தவர். 1946 பிப்ரவரி வேலைநிறுத்தத்தில் கலந்துகொண்டதற்காக வெளியே அனுப்பப்பட்டவர். அவருடைய காகிதங்கள் இருந்த அறையைப் பெட்டியோடு கடல் எடுத்துக்கொண்டது. இப்போது அவர் பேரன்களிடம் ஒரு போட்டோகூட இல்லை. பூவாரிலிருந்து இரையுமன்துறை வரை இப்படி எத்தனை வீடுகள் போயிருக்கும் என்று நினைத்தால் தூக்கம் வருவதில்லை. ஒவ்வொரு இடவப்பாதி மழையிலும் இன்னும் சில வீடுகள் போகின்றன.

அதனால் உங்கள் பத்திரிகை மூலம் இரண்டு வேண்டுகோள். முன்னாள் படைவீரர் என்ற கணக்கில் வணிகக் கப்பல் மாலுமிகள் வருவதில்லை. பாட்டியும் அம்மாவும் இப்போது இல்லை, எங்களுக்குப் பணம் ஒன்றும் வேண்டாம். ஆனால் இரண்டு மாநில ஆவணக் காப்பகங்களும் சேர்ந்து, ஒரு மழைக்காலத்துக்குள் இந்தக் கடலோர ஊர்களுக்கு ஒரு ஸ்கேனரோடு ஆள் அனுப்ப வேண்டும். கோயில் பதிவேடுகளும் வீட்டுப் பெட்டிகளும் கிடைக்கும், ஊரார் கொடுக்க மறுக்க மாட்டார்கள். நீங்களும் உங்கள் ஞாயிறு இதழில், வீட்டில் பழைய கப்பல் புத்தகம் வைத்திருப்பவர்கள் அதைப் படம் எடுத்து அனுப்பும்படி ஓர் அறிவிப்புப் போட வேண்டும். பழைய காகிதம் என்று எடைக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், என் கண்முன்னே ஒன்றைப் பிடுங்கி வைத்திருக்கிறேன்.

அப்படி வருகிற காகிதங்களை வாசிக்க ஆள் தேவைப்பட்டால் என்னிடம் அனுப்புங்கள். மலையாள ஆதாரமும் பழைய தமிழ்க் கையெழுத்தும் எனக்குப் படிக்க வரும். முப்பத்தாறு வருஷம் கோணல் கையெழுத்து முகவரிகளைப் படித்த கண். கப்பல் எண் இருந்தால் போதும், கப்பலைக் கண்டுபிடித்துத் தருகிறேன்.

இப்படிக்கு,
பண்டாரிப் பாட்டாவின் பேரன்,
பொழியூர், நெய்யாற்றின்கரை தாலுகா.