பெங்களூரில் பைத்தான் சொல்லித்தரும் தமிழ் ஆசிரியர்களுக்கு: அடுத்த பேட்ச்சில் ஒரு தமிழ் ஃபைலைத் திறந்து காட்டுங்கள்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். பிடிஎம் லேஅவுட்டிலும் மாரத்தஹள்ளியிலும் நீங்கள் நடத்தும் பைத்தான் நிரல்மொழி வகுப்புகளில் படித்துவிட்டு வேலை தேடுகிற பிள்ளைகளை நேர்முகத் தேர்வில் அடிக்கடி பார்க்கிறேன். தர்மபுரி, சேலம், வேலூர், திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து, பிஜி விடுதியில் தங்கி, வார இறுதி பேட்ச்சில் படித்தவர்கள். லூப், லிஸ்ட், டிக்‌ஷனரி எதைக் கேட்டாலும் தயங்காமல் சொல்கிறார்கள். ஃபைல் ஹேண்ட்லிங் என்றதும் மட்டும் எல்லாரிடமும் ஒரே பதில்: ஆர் என்றால் படிக்க, டபிள்யூ என்றால் எழுத, ஏ என்றால் கடைசியில் சேர்க்க, 'வித்' போட்டால் தானே குளோஸ் ஆகிவிடும்.

பதிலில் தப்பில்லை. ஆனால் ஓப்பன் என்ற அந்த ஒரு ஃபங்‌ஷனுக்குள் இன்னும் நிறைய இருக்கிறது, அது வகுப்பில் கண்ணுக்கே படுவதில்லை. காரணம், நீங்கள் திறந்து காட்டும் மாதிரி ஃபைலில் ஆங்கிலம் மட்டும்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் ஓர் எழுத்துக்கு ஒரு பைட் (0 முதல் 255 வரை ஓர் எண்). எந்த எழுத்துக்கு எந்த எண் என்று சொல்லும் பழைய குறியீட்டு அட்டவணைகள் அனேகமாக எல்லாமே முதல் 128 இடங்களில் ஒத்துப்போகும். ஆகவே எப்படித் திறந்தாலும் சரியாகவே வரும். என் வேண்டுகோள் ஒன்றுதான்: அந்தப் பாடத்துக்கு ஒரு தமிழ் ஃபைலை எடுத்துக்கொள்ளுங்கள்.

என்ன நடக்கும் என்று சொல்கிறேன். நோட்பேடில் 'மழை' என்று எழுதி, எல்லா மொழி எழுத்தையும் பைட்டாக்கும் முறையான யூடிஎஃப்-8ஆகச் சேமியுங்கள். அதை விண்டோஸ் லேப்டாப்பில், என்கோடிங் (எழுத்தை பைட்டாக மாற்றும் முறையின் பெயர்) எதுவும் கொடுக்காமல், பைத்தான் 3.14 அல்லது அதற்கு முந்தைய பதிப்பில் திறந்து படியுங்கள். எரர் வராது. ஆனால் தமிழுக்குப் பதிலாக, தலையில் கோடு போட்ட லத்தீன் எழுத்தும் வணிகக் குறிகளும் கலந்து ஒன்பது எழுத்து வரும். யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட். 'மழை'யில் ம, ழ, ஐகாரக் குறி என மூன்று குறியீடு, ஆக ஒன்பது பைட். இந்திய ஆங்கில அமைப்பில் உள்ள விண்டோஸில் ஓப்பன் தானாக எடுத்துக்கொள்வது சிபி1252 என்ற மேற்கு ஐரோப்பிய அட்டவணை. அது ஒரு பைட்டை ஓர் எழுத்தாகப் படித்துவிட்டுப் போய்விடுகிறது.

இப்போது அதே ஃபைலில் 'அம்மா' என்று மாற்றுங்கள். இந்த முறை யூனிகோட் டிகோட் எரர் வரும். எட்டாவது இடத்தில் இருக்கும் பைட்டைப் படிக்க முடியவில்லை என்று சொல்லும். பூஜ்யத்திலிருந்து எண்ணிப் பாருங்கள்: அ-வுக்கு மூன்று, ம-வுக்கு மூன்று, புள்ளிக்கு 224, 175, 141. சிபி1252 அட்டவணையில் காலியாக விடப்பட்ட ஐந்து இடங்களில் 141ஆவது இடமும் ஒன்று. அதாவது நம் மெய்யெழுத்தின் புள்ளிதான் பைத்தானைத் தடுத்து நிறுத்துகிறது. புள்ளியோ உகரக் குறியோ இல்லாத சொல்லாக இருந்தால் பெரும்பாலும் சத்தமில்லாமல் குப்பையாகிவிடும். புள்ளி வந்தால் நிரல் நின்றுவிடும். ஒரே நிரல் திங்கட்கிழமை ஓடி செவ்வாய்க்கிழமை ஏன் விழுகிறது என்று மாணவருக்கு இதைவிட நன்றாகக் காட்ட முடியாது.

பக்கத்து இருக்கையில் கன்னடப் பையனோ தெலுங்குப் பெண்ணோ இருந்தால் அவர்களையும் தங்கள் மொழியில் ஒரு சொல் எழுதச் சொல்லுங்கள். யூனிகோட் என்ற உலகப் பொது எழுத்து அட்டவணையில் இந்திய மொழிகளை இஸ்கி என்ற பழைய இந்தியத் தரத்தைப் பின்பற்றி இணையிணையாக அடுக்கியிருக்கிறார்கள். அதனால் கன்னடத்தின் விராமக் குறிக்கும் (நம் புள்ளி போன்றது), தெலுங்குக்கும், மலையாளத்துக்கும், இந்திக்கும் கடைசி பைட் அதே 141தான். பெங்களூர் வகுப்பறையில் இதைச் செய்து காட்டுகிற வசதி வேறு ஊரில் கிடைக்காது.

"வேலையில் தமிழ் எங்கே வரப்போகிறது?" என்று கேட்பீர்கள். சரி, தமிழை விடுங்கள். ரூபாய்க் குறி வருமே! 2010இல்தான் அது யூனிகோடுக்குள் வந்தது. சிபி1252இல் யூரோ உண்டு, ரூபாய் கிடையாது. ஒரு பில்லில் அந்தக் குறியைப் போட்டு, என்கோடிங் சொல்லாமல் விண்டோஸில் எழுதினால் என்கோட் எரர் வரும். ரூபாயைத் தொடாத பில்லிங் புராஜெக்ட் எந்த வகுப்பில் இருக்கிறது?

எழுதும்போது வரும் எரர்தான் படிக்கும்போது வருவதைவிட மோசம். எங்கள் டீமில் பயிற்சிக்கு வந்த ஒரு தம்பி, தான் குடியிருக்கும் தெருவின் பொங்கல் விழாவுக்கு நன்கொடைப் பட்டியல் வைக்க ஒரு சின்ன நிரல் எழுதியிருந்தார். புதுப் பெயர் வந்தால் மொத்தப் பட்டியலையும் ஒரே சரமாக (ஸ்ட்ரிங்) ஆக்கி டபிள்யூ மோடில் திரும்ப எழுதும். எல்லாரும் ஆங்கிலத்திலேயே பெயர் கொடுத்தவரை நன்றாகத்தான் ஓடியது. ஒருவர் 'முருகன்' என்று தமிழில் தட்டினார். எரர் வந்தது; ஃபைலைத் திறந்து பார்த்தால் பூஜ்யம் பைட். பழைய பெயர்களையும் காணோம். (வாட்ஸ்அப்பில் வந்த ரசீதுகளை வைத்துப் பட்டியலை மறுபடி உண்டாக்கினார்கள்.)

ஏன் இப்படி? டபிள்யூ மோட் ஃபைலைக் காலி செய்வது எழுதும்போது இல்லை, திறக்கும்போதே. ஓப்பன் முடிந்த கணத்தில் பழையது போய்விட்டது. அதற்குப் பிறகுதான் ரைட் வந்து, எழுத்தை பைட்டாக மாற்றப் பார்த்து விழுகிறது. 'வித்' போட்டிருந்தார், அது ஃபைலை ஒழுங்காக மூடியும் வைத்தது, காலியாக. பாத்லிப் மாட்யூலின் ரைட் டெக்ஸ்ட் கொண்டு எழுதியிருந்தாலும் இதே கதைதான். அதுவும் உள்ளே டபிள்யூ மோடில்தான் திறக்கிறது. இந்த மோட் பாடத்தை நீங்கள் கரும்பலகையில் அட்டவணையாகப் போடுகிறீர்கள். ஒரு ஃபைலை இப்படிக் காலியாக்கிக் காட்டினால் மறக்கவே மாட்டார்கள். கூடவே தீர்வையும் சொல்லிவிடலாம்: அதே ஃபோல்டரில் தற்காலிக ஃபைல் ஒன்றில் எழுதி, மூடி, எல்லாம் சரி என்றால் மட்டும் ஓஎஸ் ரீப்ளேஸ் கொண்டு பழையதன் இடத்தில் வைப்பது. பைத்தான் 3.3 முதல் இருக்கிற வசதி அது. புது ஃபைல் மட்டுமே வேண்டும், பழையதைத் தொடக் கூடாது என்றால் எக்ஸ் மோட் உண்டு, அதுவும் 3.3இல் வந்ததுதான். நேர்முகத் தேர்வில் எக்ஸ் மோடைச் சொன்ன பிள்ளையை நான் இதுவரை பார்க்கவில்லை.

என்கோடிங் எரர் வந்தால் மாணவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? இணையத்தில் தேடி இரண்டு மருந்தில் ஒன்றை எடுத்துப் போடுகிறார்கள். ஒன்று, எரர்ஸ் என்ற இடத்தில் இக்னோர். நிரல் நிற்காது, ஆனால் தெரியாத பைட்டெல்லாம் தூக்கியெறியப்படும். நம் புள்ளியின் மூன்றாம் பைட்டும் அதில் போய்விடும். அப்புறம் அந்தக் குப்பையிலிருந்து மூலத்தை மீட்கவும் முடியாது. மற்றொன்று லத்தீன்-1. அந்த அட்டவணையில் 256 இடமும் நிரம்பியிருப்பதால் எரர் வரவே வராது. படித்தது தப்பு என்று சொல்ல யாருமில்லை என்பதுதான் இதில் கிடைக்கும் ஒரே நிம்மதி. இரண்டையும் வகுப்பிலேயே போட்டு, என்ன ஆகிறது என்று காட்டிவிடுங்கள்.

உங்களில் பலர் மேக்கிலோ லினக்ஸிலோ பாடம் நடத்துகிறீர்கள். அங்கே பொதுவாக இயல்பே யூடிஎஃப்-8 என்பதால் எந்தத் தொல்லையும் தெரியாது. பிஜிக்குப் போய் விண்டோஸ் லேப்டாப்பைத் திறக்கிற பையனுக்குத்தான் தெரியும். "3.15இல் எல்லாம் சரியாகிவிடுமே" என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வார்கள். உண்மைதான், 3.15 முதல் எல்லா இயங்குதளத்திலும் யூடிஎஃப்-8தான் இயல்பு என்று பெப் 686 என்ற பைத்தான் மேம்பாட்டு ஆவணம் முடிவு செய்திருக்கிறது. ஜாவாக்காரர்கள் 2022இல் வந்த ஜாவா 18இலேயே இதைச் செய்துவிட்டார்கள். ஆனால் கம்பெனிகளில் பழைய பைத்தான் பல வருடம் ஓடும். உங்கள் லேபிலும் ஓடும். அதுவரை ஓப்பன் என்று எழுதினால் கூடவே என்கோடிங் யூடிஎஃப்-8 என்றும் எழுதுகிற பழக்கத்தை முதல் நாளே கையில் ஏற்றிவிடுங்கள். 3.10 முதல், 'வார்ன் டிஃபால்ட் என்கோடிங்' என்ற தேர்வோடு பைத்தானை ஓட்டினால் என்கோடிங் சொல்லாமல் திறந்த இடத்தையெல்லாம் அதுவே சுட்டிக்காட்டும். வீட்டுப்பாடம் திருத்த உங்களுக்கே உதவும்.

அடுத்தது ரீட் (இத்தனை எழுத்து என்று படிப்பது), ஸீக் (ஃபைலில் ஓர் இடத்துக்குத் தாவுவது). ஆங்கில ஃபைலை வைத்து "ஸீக் 5 என்றால் ஆறாவது எழுத்துக்குப் போகும்" என்று பல நோட்டுகளில் எழுதியிருக்கிறது. 'அம்மா' ஃபைலை யூடிஎஃப்-8ஆகத் திறந்து ஸீக் 5 கொடுத்துப் படியுங்கள். ம-வின் மூன்றாவது பைட்டில் போய் நிற்கும், எரர். டெக்ஸ்ட் மோடில் பூஜ்யமோ, டெல் (இப்போது நிற்கும் இடத்தைச் சொல்வது) ஏற்கெனவே திருப்பித் தந்த எண்ணோ தவிர வேறு எண்ணை ஸீக்குக்குக் கொடுக்கக் கூடாது என்பதே விதி. ஆங்கிலத்தில் அது தற்செயலாக வேலை செய்தது, அவ்வளவுதான். அதே ஃபைலில் ரீட் 2 கேட்டால் 'அம' வரும், ரீட் 3 கேட்டால் 'அம்' வரும். நம் கண்ணுக்கு மூன்று எழுத்து, பைத்தானுக்கு ஐந்து, டிஸ்க்கில் பதினைந்து. பைட், குறியீடு, எழுத்து மூன்றும் வேறு வேறு என்று தனி வகுப்பு எடுக்கத் தேவையே இல்லை, இந்த ஒரு சொல் போதும்.

எக்ஸெல்லையும் விட்டுவிடாதீர்கள், அலுவலகத்தில் பாதி ஃபைல் அங்கிருந்துதான் வரும். 'சிஎஸ்வி யூடிஎஃப்-8' (சிஎஸ்வி என்பது காற்புள்ளியால் பிரித்த அட்டவணை) என்று எக்ஸெல் சேமிக்கும்போது தொடக்கத்தில் மூன்று பைட் அடையாளம் ஒன்றை வைக்கிறது. வெறும் யூடிஎஃப்-8ஆகப் படித்தால் அது முதல் தலைப்போடு ஒட்டிக்கொள்ளும். பிரின்ட் செய்தால் 'பெயர்' என்றுதான் தெரியும், டிக்‌ஷனரியில் 'பெயர்' என்று கேட்டால் கீ எரர். யூடிஎஃப்-8-சிக் என்று கொடுத்தால் தீர்ந்தது. சிஎஸ்வி எழுதும்போது நியூலைனை வெற்றுச் சரமாகக் கொடுக்காவிட்டால் விண்டோஸில் வரிக்கு வரி ஒரு காலி வரி விழும். இதைப் பலரும் சொல்லித்தருகிறீர்கள், நன்றி.

நேரம் இருந்தால் ஃபைல் பெயர்களையும் ஒரு முறை தொடுங்கள். 'கொ' என்பதை ஒகரக் குறி ஒன்றாலும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக வைத்தும் எழுதலாம். லினக்ஸில் ஒரே ஃபோல்டரில் 'கொடி' என்றே தெரிகிற இரண்டு ஃபைல் இருக்க முடியும். எக்ஸிஸ்ட்ஸ் என்று கேட்டால் ஒன்றுக்கு ஆம், தட்டிய முறை மாறினால் இல்லை. இரண்டு வடிவத்தையும் ஒன்றாக்கும் யூனிகோட்டேட்டா மாட்யூலின் நார்மலைஸ் எதற்கு இருக்கிறது என்று அப்போது புரியும்.

இதற்கெல்லாம் தனியாக ஒரு நாள் வேண்டாம், இப்போது நடத்தும் அதே இரண்டு மணி நேரத்துக்குள் அடங்கும். பயிற்சி ஃபைலில் ஐந்து வரி இருக்கட்டும்: மழை, அம்மா, ரூபாய்க் குறியோடு ஒரு தொகை, 'கொடி' இரண்டு விதமாக. தேர்வில் "டபிள்யூவுக்கும் ஏ-வுக்கும் என்ன வித்தியாசம்" என்ற கேள்விக்குப் பதிலாக, இந்த ஃபைலில் ஒரு வரியைத் திருத்தி, நடுவில் எரர் வந்தாலும் பழையது அழியாதபடி சேமிக்கச் சொல்லுங்கள். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே விடை வர வேண்டும். சனிக்கிழமை பேட்ச்சில் யாராவது இதை நடத்திப் பார்ப்பதானால் சொல்லுங்கள், ஃபைலைத் தயார்செய்து எடுத்துக்கொண்டு நானும் வருகிறேன்.

இப்படிக்கு,
பெங்களூரில் வேலை பார்க்கும் ஒரு நிரலாளர்