மல்லாக்க விழுந்தவர்களை மறந்துவிடாதீர்கள்: ஆஸ்கர் அகாடமிக்கு ஒரு திறந்த மடல்

ஆஸ்கர் விருது வழங்கும் அமெரிக்கத் திரைப்பட அகாடமியின் நிர்வாகக் குழுவினருக்கு வணக்கம்.

2027ல் வெளியாகும் படங்களிலிருந்து ஸ்டன்ட் வடிவமைப்புக்கும் ஆஸ்கர் உண்டு என்று 2025 ஏப்ரலில் அறிவித்தீர்கள். இந்தியாவின் தேசியத் திரைப்பட விருதுகளில் இந்தப் பிரிவு 2017லேயே வந்துவிட்டது. முதல் விருதை ‘புலிமுருகன்’ படத்துக்காகப் பீட்டர் ஹெயின் பெற்றார். தாமதமாக வந்தாலும் உங்கள் முடிவு எங்களுக்கு மிகுந்த மகிழ்ச்சி. விதிமுறைகள் 2027ல் வரும் என்கிறீர்கள். அவற்றை எழுதும்போது கார் துரத்தலும் துப்பாக்கிச் சண்டையும் மட்டுமே உங்கள் கண்முன் நின்றுவிடக் கூடாது என்பதற்காகவே இந்த மடல்.

வீட்டில் தனியாக விடப்பட்ட சிறுவன் கெவின், புகுந்த இரண்டு திருடர்களைப் பொறிகள் வைத்து விரட்டும் நகைச்சுவைப் படமான ‘ஹோம் அலோன்’ படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1990 நவம்பரில் வெளிவந்த படம் கிறிஸ்துமஸ் நெருங்கினால் இன்றும் வீட்டுக்கு வீடு ஓடுகிறது. 2023ல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அதைத் தேசியத் திரைப்படப் பதிவேட்டில் சேர்த்தது. உங்களிடமிருந்து அதற்குக் கிடைத்தவை இரண்டே பரிந்துரைகள், இரண்டும் இசைக்கு. ஜான் வில்லியம்ஸின் இசை அதற்கு முழுத் தகுதி உடையது. ஆனால் படம் பார்த்த பிள்ளைகள் மறுநாள் நடித்துக் காட்டுவது, ஐஸ் படிந்த வாசற்படியில் திருடர்களின் கால்கள் ஆகாயத்துக்குப் போவதைத்தான்.

திருடர்களாக நடித்த இருவரில் ஜோ பெஸ்கிக்கு லியோன் டெலேனியும் டேனியல் ஸ்டெர்னுக்கு டிராய் பிரவுனும் டூப் போட்டார்கள். ஸ்டன்ட் மாஸ்டர் ஃப்ரெடி ஹைஸ்.

அந்த விழுகையைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மாடியிலிருந்து குதிப்பவருக்குக் கீழே காற்றுப் பை போடலாம், அது ஃபிரேமுக்கு வெளியே இருக்கும். படியில் சறுக்குபவர் விழும் இடமோ ஃபிரேமுக்குள்ளேயே தெரிகிறது. மெத்தைக்கு வழியில்லை. இடுப்பிலும் முழங்கையிலும் முதுகுத்தண்டின் அடியிலும் உடைக்குள் ஒளித்த பேடுகள்தான் துணை. சண்டைக் காட்சியில் விழுபவர் தோளை மடக்கி உருண்டு வேகத்தைக் கரைத்துவிடுவார். நகைச்சுவையில் உருண்டால் சிரிப்பு போச்சு. இரண்டு கால்களும் ஒன்றாக எழும்பி, முதுகு பலகைபோல் தரையில் பட வேண்டும். விழும்போது கையைப் பின்னால் ஊன்றத்தான் உடம்பு சொல்லும். ஊன்றினால் மணிக்கட்டு போய்விடும். தாடையை நெஞ்சோடு ஒட்டாவிட்டால் பின்மண்டை அடிபடும். தரையில் படும் நொடியில் மூச்சை வெளியே விட்டிருக்க வேண்டும். இத்தனையையும் செய்துகொண்டே, எதையும் எதிர்பாராதவன்போலத் தெரிய வேண்டும். முன்கூட்டியே உடம்பு இறுகினால் ஷாட் வீண்.

செட் என்றால் தரைவிரிப்புக்கு அடியில் ரப்பரை மறைக்கலாம். இந்தப் படத்துக்கு அப்படி ஒரு வசதி ஓரளவு இருந்தது. மூடிக்கிடந்த நியூ ட்ரையர் பள்ளியின் உடற்பயிற்சிக் கூடத்தில் வீட்டின் உட்புறத்தைச் செட் போட்டார்கள், வெள்ளம் புகுந்த அடித்தளக் காட்சியை அதே பள்ளியின் நீச்சல் குளத்தில் எடுத்தார்கள். வெளிப்புறக் காட்சிகளோ சிகாகோவுக்கு அருகே வின்னெட்காவில் உள்ள அசல் வீட்டில். அங்கே படி படிதான். டூப்கள் விழும்போது தளத்தில் சிரிப்பு வரவில்லை, எழுந்து வந்தால் போதும் என்றிருந்தது என்று இயக்குநர் கிறிஸ் கொலம்பஸே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

சிறுவன் கெவினின் கதை வேறு. குழந்தை நடிகரை இரவில் நெடுநேரம் வேலை வாங்கச் சட்டம் விடாது, ஆபத்தான காட்சியில் நிறுத்தவும் கூடாது. கெவினாக நடித்த மெக்காலே கல்கினுக்கு டூப் போட்டவர் ஏறத்தாழ 30 வயதான, உயரம் குறைந்த லாரி நிக்கலஸ். விக் வைத்தால் மட்டும் பெரியவர் குழந்தையாகிவிட மாட்டார். தோள் அகலமும் நடையும் காட்டிக்கொடுக்கும். அதனால் கேமரா எங்கே நிற்பது, எவ்வளவு நேரம் ஓடுவது என்பதும் ஸ்டன்ட் வடிவமைப்புக்குள்ளேயே வருகிறது. உடைந்த அலங்கார உருண்டைகள் மேல் ஸ்டெர்ன் வெறுங்காலோடு மிதிக்கும் காட்சியில் அவர் மாட்டியிருந்தது ரப்பர் பாதங்கள். நல்ல வடிவமைப்பு என்றால் அதுதான்: பார்ப்பவருக்கு வலிக்கும், நடிகருக்கு வலிக்காது.

ஆகவே சில கோரிக்கைகள். வேகமான எடிட்டிங்கில் எந்த விழுகையும் பிரமாதமாகத் தெரியும். எனவே தேர்வுக்கு வரும் படங்களிடம், தொடக்கம் முதல் உடம்பு அசைவற்றுக் கிடக்கும் வரை வெட்டாத டேக்கைக் கேளுங்கள். விழுந்த பரப்பு எது, பேட் எங்கே இருந்தது, எத்தனை டேக் போனது, யாருக்காவது அடிபட்டதா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அடிபடாமல் முடித்ததற்குத் தனி மதிப்பு கொடுங்கள். தேர்வாளர்களில் நகைச்சுவைப் படங்களில் விழுந்து பழகியவர்களும் இருக்கட்டும். பரிந்துரைப் பட்டியலில் மாஸ்டரின் பெயருக்குக் கீழே, அந்தப் படியில் விழுந்தவரின் பெயரையும் அச்சிடுங்கள்.

இப்படிக்கு,
ஸ்டன்ட் கலையை நேசிக்கும் தமிழ்ப் பார்வையாளர்கள்