பலெர்மோவுக்கு இரண்டு நாட்கள் போதாது

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் ஞாயிறு இதழில் அண்மையில் வெளிவந்த, மத்தியதரைக் கடலோர நகரங்களைப் பற்றிய கட்டுரையை ஆவலோடு வாசித்தேன். நேப்பிள்ஸுக்கும் பார்சிலோனாவுக்கும் பல பத்திகளை ஒதுக்கிய கட்டுரையாளர், சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவுக்கு நான்கே வரிகளைத் தந்து, அங்கு முதன்முறை செல்வோருக்கு இரண்டு நாட்கள் போதும் என்றும் அதில் ஒன்றைக் கடற்கரையில் கழிக்கலாம் என்றும் முடித்துவிட்டார். சென்ற ஆண்டு ஆகஸ்ட் இறுதியில் இருந்து மூன்று வாரங்கள் அந்நகரில் என் மகன் வீட்டில் தங்கியிருந்தவள் என்ற முறையில், இந்த ஆலோசனையை மறுத்து எழுத வேண்டியது என் கடமை எனக் கருதுகிறேன்.

எங்கள் இலங்கை மலையகத்தில் இருந்து செல்வோருக்கு இது சிறிய விடயம் அல்ல. வெளிநாட்டுப் பயணம் என்பது எங்களில் பலருக்கு வாழ்நாளில் ஒரு முறை வாய்ப்பது. எங்கள் அயலில் உள்ள ஒரு தாய், முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் கொழுந்து பறித்துச் சேர்ந்த ஊழியர் சேமலாப நிதியில் இருந்தே விமானச்சீட்டு வாங்கி, இத்தாலியில் இருக்கும் மகளைப் பார்க்கப் போனார். மகளும் மருமகனும் காலையில் வேலைக்குப் போய் இரவில் திரும்புவார்கள். இவரோ ஒரு மாதம் முழுவதையும் நான்காம் மாடி வீட்டின் சன்னலோரத்தில் கழித்துவிட்டு வந்தார். அங்கே என்ன பார்த்தீர்கள் அக்கா என்று நான் கேட்டபோது, பெரிய கடையொன்றுக்குக் கூட்டிப் போனார்கள் என்பதைத் தவிர அவரால் எதையும் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் என் மனம் வருந்துகிறது. இத்தகைய வாசகர்கள் கையில் எடுக்கும் நாளிதழ், இரண்டு நாட்கள் போதும் என்று அவர்களுக்குச் சொல்லலாகாது.

குறைந்தது ஐந்து நாட்களாவது பழைய நகருக்குள் நடக்க வேண்டும். நடப்பதற்கு அஞ்ச வேண்டியதும் இல்லை. நோர்மானிய அரண்மனைக்குப் பக்கத்தில் உள்ள புதிய வாசல் என்னும் தோரணத்தில் தொடங்கி, கடலோரத்து ஃபெலிச்சே வாசல் வரை ஒரே நேர்கோட்டில் இறங்கும் தெரு ஏறக்குறைய 2 கிலோமீற்றர் நீளம்தான். மேட்டில் தொடங்கிக் கடலை நோக்கிச் செல்வதால் முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் அது இலகுவான வழி. இந்தத் தெருவை ஊர் மக்கள் இன்றும் கஸ்ஸாரோ என்றே அழைக்கிறார்கள். கோட்டையைக் குறிக்கும் அரபுச் சொல்லான கஸ்ர் என்பதன் திரிபு அது. கிறிஸ்துவுக்கு முன் 8ஆம் நூற்றாண்டில் பினீசிய வணிகர்கள் அமைத்த ஊரைக் கார்த்தேஜியர் ஆண்டனர், கி.மு. 254இல் உரோமர் பிடித்தனர், கி.பி. 831இல் அரபியர் கைப்பற்றித் தலைநகராக்கினர். 1072இல் நோர்மானியர் வந்தனர். பின்னர் ஸ்பானிய அரசின் கீழும் நெடுங்காலம் இருந்தது. இத்தனையும் அந்த ஒரு தெருவின் இரு மருங்கிலும் கல்லாகவும் பெயராகவும் எஞ்சியிருக்கின்றன.

முதல் நாள் காலையை அரண்மனைக்குள் இருக்கும் பாலத்தீனா சிற்றாலயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். 1130ஆம் ஆண்டு நத்தார் தினத்தில் முடிசூடிய இரண்டாம் ரொஜர் மன்னன் கட்டுவித்த ஆலயம் அது. சுவரெங்கும் பொன் பதித்த கண்ணாடித் துண்டுகளால் கிரேக்கக் கலைஞர்களின் முறையில் அமைந்த விவிலியக் காட்சிகளும், குவிமாடத்தில் ஆசி வழங்கும் கிறிஸ்துவும் இருக்க, அண்ணாந்து பார்த்தால் மரக்கூரையோ முஸ்லிம் கைவினைஞர்களுடையது. தேன்கூடு போல் அடுக்கடுக்காகத் தொங்கும் அந்தக் கூரையில் அரபு எழுத்துக்களும், இசைப்போரும் ஆடுவோரும் தீட்டப்பட்டிருக்கிறார்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்தேன், போதவில்லை. அரண்மனையின் ஒரு பகுதியில் இன்று சிசிலியின் பிராந்திய சட்டசபை இயங்குவதால், சபை கூடும் நாட்களில் அரசரின் அறைகளைப் பார்க்க அனுமதி கிடைப்பதில்லை. சபை எந்த நாளில் கூடுகிறது என்று விசாரித்துக்கொண்டு போவது நல்லது.

சிற்றாலயத்துக்கு வெளியே சுவரில் பதிக்கப்பட்டுள்ள ஒரு கல்லைப் பெரும்பாலானோர் திரும்பியும் பார்க்காமல் கடந்து போகிறார்கள். 1142இல் மன்னன் செய்வித்த நீர்க்கடிகாரத்தைப் பற்றிய கல்வெட்டு அது. இலத்தீன், கிரேக்கம், அரபு ஆகிய மூன்று மொழிகளிலும் எழுதப்பட்டிருக்கிறது. ஸீஸா என்னும் மாளிகையில் உள்ள நூதனசாலையிலோ, ஒரு குருவானவர் தம் தாயின் நினைவாக 1149இல் அமைத்த கல்லறைக் கல்லில் இந்த மூன்றோடு நான்காவதாக எபிரேய எழுத்தில் எழுதிய அரபும் உண்டு. சீனமும் தமிழும் பாரசீகமும் பொறித்த காலிக் கல்வெட்டைக் கொழும்பு தேசிய நூதனசாலையில் என் மாணவர்களுக்குக் காட்டியவள் நான். அந்தக் கல் 1409ஆம் ஆண்டுக்குரியது. அதற்கு இரண்டரை நூற்றாண்டுகளுக்கு முன்பே, ஒரு தாயின் சாவைத் தன் ஊரில் பேசப்பட்ட மொழிகள் அனைத்திலும் அறிவித்த மகன் ஒருவன் பலெர்மோவில் இருந்தான் என்பது என்னை வெகு நேரம் அந்தக் கண்ணாடிப் பேழையின் முன் நிறுத்திவைத்தது. எங்கள் மலையகத்தில் அரச அலுவலகப் பெயர்ப்பலகை ஒன்றில் தமிழ் எழுத்துப்பிழை இல்லாமல் இருந்தாலே மகிழ்ந்துபோகிறவர்கள் நாங்கள். ஆகவே இந்தக் கற்கள் எங்கள் வாசகர்களுக்கு மற்றெவரையும்விட அதிகம் பேசும் என்று நம்புகிறேன்.

ரொஜர் மன்னனின் அவையில்தான் அல் இத்ரீசி என்னும் அறிஞர் பல ஆண்டுகள் உழைத்து 1154இல் ஓர் உலகப் படத்தை முடித்துக் கொடுத்தார். தெற்கை மேலாக வைத்து வரைந்த அந்தப் படத்தில் சரந்தீப் என்ற பெயரில் எங்கள் தீவும் இருக்கிறது.

கஸ்ஸாரோத் தெருவில் உள்ள பேராலயத்தில் ரொஜர் மன்னனும், 1250இல் இறந்த இரண்டாம் பிரெடெரிக் பேரரசரும் கருஞ்சிவப்புக் கற்பேழைகளில் துயில்கின்றனர். அடுத்து வரும் நான்கு மூலைச் சந்தியில், 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய நான்கு வளைந்த முகப்புகள் நீரூற்றுகளோடும் பருவகாலச் சிலைகளோடும் நிற்கின்றன. வெயில் எந்த நேரத்திலும் ஏதோ ஒரு முகப்பில் விழுந்துகொண்டிருக்கும். அருகிலேயே, புளோரன்ஸ் நகரில் செதுக்கப்பட்டுப் பிற்பாடு விலைக்கு வாங்கித் துண்டு துண்டாகக் கப்பலில் கொண்டுவரப்பட்ட பிரெத்தோரியா நீரூற்று உள்ளது. அதன் பின்னால் மார்த்தொரானா தேவாலயமும், செங்குவிமாடங்கள் மூன்றுடன் சான் கத்தால்தோவும் அடுத்தடுத்து நிற்கின்றன. மார்த்தொரானாவுக்கு நான் முதலில் போனது நண்பகலுக்குப் பின்னர். கதவு சாத்தியிருந்தது. அங்கு தேவாலயங்கள் பல மதியத்தில் மூடிப் பிற்பகலில்தான் மீண்டும் திறக்கின்றன என்பதை எவரும் எனக்குச் சொல்லியிருக்கவில்லை. இரண்டே நாட்களோடு வந்திருந்தால், ரொஜர் மன்னனின் தலையில் கிறிஸ்துவே முடி சூட்டும் அந்தச் சித்திரத்தைப் பார்க்காமலேயே திரும்பியிருப்பேன். தோளும் முழங்காலும் மூடிய உடை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், சேலையோ சல்வாரோ உடுத்தும் எங்கள் பெண்களுக்கு அதில் சிரமம் இல்லை.

பேருந்துச் சீட்டைப் புகையிலைக் கடைகளில் முன்கூட்டியே வாங்கி, ஏறியவுடன் இயந்திரத்தில் முத்திரையிட வேண்டும். முத்திரை இல்லாத சீட்டு, சீட்டு இல்லாததற்குச் சமம். பரிசோதகர் தண்டப்பணம் விதிப்பார்.

உணவைப் பற்றி ஒரு பிழையைத் திருத்தியாக வேண்டும். சைவ உணவு உண்போருக்கு அங்கே எதுவும் கிடைக்காது எனக் கட்டுரை கூறுகிறது. பலாரோ சந்தையில் கண்ணெதிரே பொரித்துத் தரும் பனெல்லே என்பது வெறும் கடலைமா. மாவைக் கிண்டி ஆறவைத்து மெல்லிய துண்டுகளாக வெட்டி எண்ணெயில் இட்டு, தேசிக்காய் பிழிந்து பாணுக்குள் வைத்துத் தருகிறார்கள். ஊரில் மழை நாளில் கடலைமா பஜ்ஜி தின்று பழகிய நாக்குக்கு அது அந்நியமாக இராது. கத்தரிக்காயும் தக்காளியும் சேர்ந்த கபொனாத்தாவும் அப்படியே. ஆனால் மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் மெவுசா என்ற பெயரைக் கட்டாயம் நினைவில் வைத்திருக்க வேண்டும். அது கன்றின் மண்ணீரலை வேகவைத்துப் பன்றிக் கொழுப்பில் வாட்டிப் பாணுக்குள் வைப்பது. தோடம்பழமும் தேசிக்காயும் கரும்பும் அரபியர் காலத்தில் இங்கு பரவிய பயிர்கள். நகரைச் சூழ்ந்த சமவெளிக்குப் பொற்கிண்ணம் என்று பெயர் வந்ததும், அதற்கு நீர் கொண்டுபோன நிலத்தடிக் கால்வாய்கள் இன்றும் ஊருக்கடியில் இருப்பதும் விவசாயம் தெரிந்த எவருக்கும் மகிழ்ச்சி தருபவை. அந்தச் சந்தையைச் சுற்றிய சந்துகளில் வங்காளதேசத்தவரும் ஆபிரிக்கரும் எங்கள் நாட்டவரும் கடை வைத்திருக்கிறார்கள். கறிவேப்பிலை வாங்கச் சென்ற இடத்தில், எங்கள் மலையகத்தின் பசறைப் பக்கத்துப் பேச்சு என் காதில் விழுந்தது!

மரங்களை விரும்புவோர் தாவரவியல் பூங்காவைத் தவிர்க்கலாகாது. பேராதனைப் பூங்காவில் விரிந்து கிடக்கும் பெரிய அத்தியின் நிழலில் பள்ளிச் சுற்றுலாக்களின்போது பலமுறை சோற்றுப் பொதியை அவிழ்த்தவள் நான். பலெர்மோப் பூங்காவில், 1845இல் கொண்டுவந்து நட்ட அவுஸ்திரேலிய அத்தி ஒன்று விழுதுகளை இறக்கி, ஆலமரம் போலவே ஒரு மண்டபமாக வளர்ந்திருக்கிறது. மரீனா சதுக்கத்திலும் அந்த இனத்தின் பெருமரங்கள் உண்டு, அங்கு நுழைவுக் கட்டணமும் இல்லை. கப்புச்சின் துறவிகளின் நிலவறையில் ஆயிரக்கணக்கான பதப்படுத்திய சடலங்களை நிறுத்தி வைத்திருப்பதைப் பலர் புகழ்கிறார்கள். நான் உள்ளே சென்றேன். குழந்தைகளின் பகுதிக்கு மேல் செல்ல மனம் வரவில்லை. சிறுவர்களை அங்கு அழைத்துச் செல்லாதிருப்பதே நலம். மொந்தெல்லோக் கடற்கரை அழகியதுதான், ஆனால் கடற்கரைக்கு எங்கள் நாட்டில் பஞ்சம் இல்லை. அந்த நாளை மொன்ரெயாலே குன்றுக்கு ஒதுக்குங்கள். இரண்டாம் வில்லியம் மன்னன் 12ஆம் நூற்றாண்டில் எழுப்பிய பேராலயத்தில் 6,000 சதுர மீற்றருக்கும் மேற்பட்ட பரப்பைப் பொன் சித்திரங்கள் மூடியுள்ளன.

விமான நிலையத்துக்குச் சூட்டப்பட்டுள்ள பெயர்களையும் பயணிகள் அறிந்திருக்க வேண்டும். ஃபல்கோனே, பொர்செல்லினோ என்னும் இரு நீதித்துறையினர் மாஃபியாவுக்கு எதிராக வழக்கு நடத்தியதற்காக 1992ஆம் ஆண்டு மே 23இலும் ஜூலை 19இலும் குண்டுவைத்துக் கொல்லப்பட்டனர். முன்னவரோடு அவருடைய மனைவியும் இறந்தார், இருவரின் மெய்க்காவலர்கள் பலரும் இறந்தனர். விமான நிலையத்தில் இருந்து நகருக்கு வரும் பெருந்தெருவில், முதற் குண்டு வெடித்த கப்பாச்சியில், நினைவுத் தூண் நிற்கிறது. இதை அறிந்த பிறகு, கடைத்தெருவில் மாஃபியா படம் போட்ட சட்டையையும் கோப்பையையும் நினைவுப் பொருளாக வாங்க நம்மவர் கை நீளக் கூடாது. எங்கள் தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வாழும் லயங்களின் வறுமையைப் படம் பிடித்து அழகென்று விற்போரைக் கண்டு நாம் படும் வேதனையை நினைத்துக்கொண்டே இதை எழுதுகிறேன்.

கட்டுரையாளர் முற்றாக விட்டுவிட்டது பெல்லெக்ரீனோ மலையை. 1624இல் நகரில் கொள்ளைநோய் பரவியபோது, அந்த மலைக் குகையில் தவம் இருந்து இறந்த புனித ரொசாலியாவின் எலும்புகள் கண்டெடுக்கப்பட்டன. அவற்றை ஊர்வலமாகக் கொண்டுவந்த பின் நோய் நீங்கியது என்று மக்கள் நம்புகிறார்கள். ஜூலை நடுவில் பெருவிழாவும், செப்டெம்பர் 4ஆம் திகதிக்கு முந்திய இரவில் மலையேற்றமும் நடைபெறுகின்றன. மலையின் உயரம் 600 மீற்றர் அளவே என்றாலும், கல் பாவிய வளைவுப் பாதையில், விளக்கொளியில், முதியோரும் குழந்தைகளும் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு ஏறியதைக் கண்டபோது, நல்லதண்ணியில் இருந்து சிவனொளிபாத மலைக்கு என் தகப்பனாரின் கையைப் பிடித்து ஏறிய இரவு கண்முன் வந்தது. பாதி வழியில் எனக்கு முன்னால் சேலையுடுத்திய தமிழ்ப் பெண்கள் சிலர் வெறுங்காலோடு போய்க்கொண்டிருந்தார்கள். நெற்றியில் திருநீறு இருந்தது, கையில் மெழுகுவர்த்தி இருந்தது. இத்தாலிய மூதாட்டி ஒருவர் அவர்களில் ஒருத்தியின் தோளைப் பிடித்தபடி நடந்தார். மலைமேல் உள்ள கோவிலின் உட்பகுதி குகையேதான். பாறையில் இருந்து சொட்டும் நீரை உலோகத் தகடுகள் ஏந்தி ஓடச் செய்கின்றன. அந்த நீரைப் புனிதமாகக் கருதுகிறார்கள். எங்கள் பெண்கள் அதைத் தொட்டுக் கண்களில் ஒற்றிக்கொண்டார்கள், நானும் ஒற்றிக்கொண்டேன்.

ஆசிரியர் அவர்களே, மார்ச் முதல் விசா விண்ணப்பங்கள் தொடங்கும் எங்கள் ஊர்க் குடும்பங்களுக்குப் பயன்படும் வகையில், பலெர்மோவைப் பற்றித் தனியாக ஒரு முழுப்பக்கக் கட்டுரையை, இயன்றால் அந்நகரில் வாழும் நம்மவர் ஒருவரைக் கொண்டே எழுதுவித்து வெளியிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். நுவரெலியாக் குளிரில் பழகிய உடம்புக்கு ஜூலை, ஆகஸ்ட் மாத வெயிலும் ஆபிரிக்காவில் இருந்து வீசும் சிறொக்கோக் காற்றும் கடினமானவை என்பதையும், ஏப்ரல், மே, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களே உகந்தவை என்பதையும் அதில் சேர்த்துக்கொள்ளுங்கள். செப்டெம்பரில் போக எண்ணுவோர், விமானச்சீட்டை உறுதி செய்யுமுன், 3ஆம் திகதி இரவில் பலெர்மோவில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.

இங்ஙனம்,
தங்கள் நீண்டகால வாசகி,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
ஹட்டன்.