பித்தினியா ஆளுநர் பிளினிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பிளினி ஐயா அவர்களுக்கு,

112ஆம் ஆண்டுவாக்கில் நீங்கள் இன்றைய துருக்கியின் வடபகுதியான பித்தினியா-பொந்து மாகாணத்தின் ஆளுநராக இருந்தபோது, கிறிஸ்தவர்களை என்ன செய்வது என்று கேட்டு ரோமப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினீர்களே, அந்தக் கடிதத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும்.

ரோம் எப்படிக் கிறிஸ்தவமானது என்று கேட்டால், உங்களுக்கு 200 ஆண்டுகள் கழித்து கான்ஸ்டன்டைன் என்று ஒரு பேரரசர் வந்தார், அவர் கிறிஸ்தவத்துக்கு மாறினார், ரோமும் மாறிவிட்டது என்று இங்கே பலரும் ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. அதற்கு வெகு காலம் முன்பே நடந்ததை நீங்களே எழுதி வைத்திருக்கிறீர்கள்.

கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடுகிறார்கள், கிறிஸ்துவைக் கடவுளாகப் பாவித்துப் பாடுகிறார்கள், திருட மாட்டோம், விபசாரம் செய்ய மாட்டோம், நம்பிக் கொடுத்து வைத்த பொருளைக் கேட்டால் இல்லையென்று சொல்ல மாட்டோம் என்று சத்தியம் செய்கிறார்கள், அப்புறம் கலைந்துபோய்த் திரும்பக் கூடிச் சாதாரணச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். விசாரணையில் கிடைத்தது இவ்வளவுதான். இன்னும் ஏதோ இருக்கும் என்று இரண்டு அடிமைப் பெண்களைப் பிடித்துச் சித்திரவதை செய்தீர்கள். அவர்களைச் சபையின் ஊழியக்காரிகள் என்று அழைத்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். ஐயா, அந்த இடத்தில் நீங்கள் கொஞ்சம் நின்று யோசித்திருக்க வேண்டும். அடிமையின் வாக்குமூலத்தை வதைத்துத்தான் வாங்க வேண்டும் என்று நினைத்த ஒரு உலகத்தில், ரோமக் குடிமக்களும் சேர்ந்திருந்த ஒரு கூட்டம் அடிமைப் பெண்களிடம் பொறுப்பைக் கொடுத்திருந்தது. எல்லா வயதினரும், எல்லா நிலையினரும், ஆணும் பெண்ணும் இதில் இருக்கிறார்கள், நகரங்களைத் தாண்டிக் கிராமங்களுக்கும் போய்விட்டது என்று கவலைப்பட்டீர்களே, அதற்கு வேறு காரணம் தேட வேண்டுமா என்ன?

நீங்கள் கருணை இல்லாதவர் என்று சொல்ல மாட்டேன். சொந்த ஊரான கோமோவில் பிள்ளைகளின் பராமரிப்புக்கு 5,00,000 செஸ்டர்ஸ் நாணயம் கொடுத்தவர் நீங்கள். ஆனால் அது உங்கள் ஊருக்கு, அதிலும் சுதந்திரமாகப் பிறந்த பிள்ளைகளுக்கு. 251இல் ரோம் நகரத்துச் சபை 1500க்கும் மேற்பட்ட விதவைகளுக்கும் ஏழைகளுக்கும் சோறு போட்டுக்கொண்டிருந்தது. அதே காலத்தில் கொள்ளைநோய் பரவியபோது அலெக்சாந்திரியாவில் நோயாளிகளைத் தொட்டுப் பராமரித்து, தாங்களும் அதே நோயில் செத்தவர்கள் இவர்கள். பழைய தெய்வங்களைத் திரும்பக் கொண்டுவர முயன்ற பேரரசர் ஜூலியன்கூட, உங்கள் மாகாணத்துக்குப் பக்கத்திலிருக்கும் கலாத்தியாவின் தலைமைப் பூசாரிக்கு, இவர்கள் தங்கள் ஏழைகளோடு நம் ஏழைகளுக்கும் சேர்த்துச் செய்கிறார்கள் என்று ஆதங்கத்தோடு எழுதினார். எதிராளி வாயிலிருந்து வந்த சாட்சி இது.

மனம் மாற வாய்ப்புக் கொடுத்தால் கூட்டத்தைத் திருத்திவிடலாம் என்று நம்பினீர்கள். தீயணைப்புக்கு 150 பேர் கொண்ட சங்கம் வைக்க நீங்கள் அனுமதி கேட்டு, டிராஜன் மறுத்தாரே, அதே நிக்கொமேதியாவில் 303இல் தேவாலயத்தை இடித்துத்தான் பேரரசர் டயோக்ளீஷியன் கிறிஸ்தவர்கள் மீதான தன் பெரிய வேட்டையைத் தொடங்கினார். எட்டே ஆண்டுகளில் பேரரசர் கலேரியஸ் சாகக் கிடந்தபடி, அவர்கள் இருந்துவிட்டுப் போகட்டும், எனக்காகவும் அவர்கள் கடவுளிடம் வேண்டிக்கொள்ளட்டும் என்று ஆணையிட்டார். 313இல் கான்ஸ்டன்டைனும் சக பேரரசர் லிசினியஸும் எல்லோருக்கும் வழிபாட்டுச் சுதந்திரம் கொடுத்த ஆணையும் நிக்கொமேதியாவில் ஒட்டப்பட்டது. 325இல் ஆயர்கள் கூடியதோ, கட்டி முடிக்குமுன்பே விரிசல் விடுகிறது என்று நீங்கள் புலம்பிய நாடக அரங்கம் இருந்த நிசேயாவில். எல்லாம் உங்கள் மாகாணம்தான். கான்ஸ்டன்டைன் பணமும் நிலமும் சலுகையும் கொடுத்தார், கூட்டம் பெருகியது, அதை மறுக்கவில்லை. ஆனால் வாளாலும் நெருப்பாலும் அழிக்க முடியாமல் போன ஒன்றைத்தான் அவர் கையில் எடுத்தார்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். உங்கள் முன்னால் கிறிஸ்தவர்கள்தான் என்று உறுதியாக நின்றவர்களை, மூன்று முறை கேட்டுவிட்டுக் கொல்ல அனுப்பினீர்கள்; இல்லை என்று மறுத்தவர்களைப் பேரரசர் சிலைக்குச் சாம்பிராணி போட வைத்தீர்கள். 392இல் கிறிஸ்தவப் பேரரசர் தியோடோசியஸ் வீட்டுத் தெய்வத்துக்குச் சாம்பிராணி போடுவதைக்கூடக் குற்றமாக்கினார், புகை எழுந்த வீடே பறிபோகும் என்றார். மனிதர்களை இந்த மார்க்கத்திடம் கொண்டுவந்தவை என்று மேலே நான் சொன்ன எதற்கும் அந்தச் சட்டத்தில் இடமில்லை. அதைப் படிக்கும்போது உங்கள் மேல் வருகிற அதே கோபம்தான் அவர் மேலும் வருகிறது.

அன்புடன்,
உங்கள் கடிதங்களின் வாசகன்