எங்கள் டயாலிசிஸ் சிஸ்டருக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள சிஸ்டர்,

இந்த மாதத்தோடு நீங்கள் பணி ஓய்வு பெறுகிறீர்கள் என்று தெரிந்ததிலிருந்து காலை ஷிஃப்டில் எங்களுக்கு வேறு பேச்சே இல்லை. நேரில் நன்றி சொன்னால் "என் வேலையைத்தானே செய்றேன்" என்று அடுத்த படுக்கைக்குப் போய்விடுவீர்கள். அதனால்தான் நாலு பேர் படிக்கிற மாதிரி எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

டயாலிசிஸ் பற்றித் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தத்தை மெஷின் மூலம் சுத்தம் செய்வதுதான் டயாலிசிஸ். பெரும்பாலானவர்களுக்கு வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். கையில் இரண்டு தடித்த ஊசிகள். ஒன்றின் வழியே ரத்தம் மெஷினுக்குப் போகும், மற்றொன்றின் வழியே சுத்தமாகித் திரும்பி வரும். அந்தக் கையை அசைக்கக் கூடாது. ஊசி சரியாக இறங்கினால் அன்றைய பொழுது நல்ல பொழுது. இறங்காவிட்டால் கை வீங்கி, கன்றிப்போய், அடுத்த முறையும் சேர்ந்து கெடும்.

நீங்கள் ஊசி போடுவதை நான் எத்தனையோ முறை கவனித்திருக்கிறேன். வந்தவுடன் ஊசியைக் கையில் எடுக்க மாட்டீர்கள். முதலில் ஃபிஸ்டுலாமேல், அதாவது ஊசி போடுவதற்காகக் கையில் தமனியையும் சிரையையும் ஆபரேஷன் செய்து இணைத்த இடத்தின்மேல், இரண்டு விரலை வைத்து அதிர்வு இருக்கிறதா என்று பார்ப்பீர்கள். அப்புறம் ஸ்டெதஸ்கோப்பை வைத்து ஓசையைக் கேட்பீர்கள். போன தடவை குத்திய தழும்பைப் பார்த்து, அதிலிருந்து சற்றுத் தள்ளி இடம் தேர்ந்தெடுப்பீர்கள். கண்ட கண்ட மாதிரி ஒரே பகுதியில் குத்திக்கொண்டே இருந்தால் ரத்தக்குழாயின் சுவர் பலவீனமாகிப் புடைத்துவிடும் என்று எங்களுக்குச் சொல்லித் தந்ததும் நீங்கள்தான். ஊசி சரியாக அமையவில்லை என்றால் உள்ளேயே துழாவ மாட்டீர்கள். நிறுத்திவிட்டு, "நீ ஒரு தடவை பாரும்மா" என்று ஜூனியர் சிஸ்டரைக் கூப்பிடுவீர்கள். இத்தனை வருட அனுபவம் உள்ளவர் அப்படிக் கூப்பிடுவது எனக்குப் பெரிய விஷயமாகப் பட்டது. உங்கள் பெயரைவிட எங்கள் கைதான் உங்களுக்கு முக்கியம்.

தினமும் காலையில் எழுந்ததும் நாங்களே விரல் வைத்துப் பார்க்க வேண்டும், அதிர்வு நின்றுவிட்டால் அடுத்த முறைவரை காத்திருக்காமல் உடனே ஓடி வர வேண்டும் என்பீர்கள். இன்றுவரை பல் துலக்குவதற்கு முன்னால் என் விரல் அங்கேதான் போகிறது.

ஒரு நாள் பாதி நேரத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது. தூக்கம் போதவில்லை என்று நினைத்துக்கொண்டேன். நீங்கள் மூன்று படுக்கை தள்ளி நின்றீர்கள். இரண்டாவது கொட்டாவிக்கு என் பக்கத்தில் இருந்தீர்கள். படுக்கையின் தலைப்பக்கத்தை இறக்கி, காலைத் தூக்கி வைத்து, மெஷின் உடம்பிலிருந்து நீர் எடுப்பதை நிறுத்தி, சலைன் விட்டுவிட்டுத்தான் பிரஷர் பார்த்தீர்கள். நன்றாகவே இறங்கியிருந்தது. மெஷின் அப்போதுவரை ஒரு சத்தமும் போடவில்லை. கொட்டாவியும் பிரஷர் இறங்குவதன் அறிகுறியாக இருக்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரியும்.

கல்லூரியில் படிக்கும் அந்தத் தம்பியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஃபிஸ்டுலாவால் புடைத்த கையை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று எந்நேரமும் முழுக்கைச் சட்டையோடு இருப்பான். நீங்கள் அவனுக்கு அறிவுரை சொல்லவில்லை, கதை சொன்னீர்கள். 1943-ல் நெதர்லாந்தில் கோல்ஃப் என்ற டாக்டர் போர்க்காலத்தில் நடைமுறைக்கு உதவிய முதல் டயாலிசிஸ் மெஷினை உருவாக்கியது, ஒவ்வொரு முறையும் ரத்தக்குழாயைத் திறக்க வேண்டியிருந்ததால் தொடர்ந்து செய்ய முடியாமல் போனது, 1960-ல் கைக்கு வெளியே குழாயை நிரந்தரமாக விட்டுவைக்கும் முறை வந்தது, அதில் அடைப்பும் கிருமித் தொற்றும் படுத்திய பாடு, 1966-ல் தோலுக்கு அடியிலேயே தமனியையும் சிரையையும் இணைக்கும் ஃபிஸ்டுலா வந்தது எல்லாவற்றையும். "இந்தப் புடைப்புக்காக டாக்டர்கள் இருபது வருஷத்துக்கு மேல தவிச்சிருக்காங்கப்பா" என்றீர்கள். அடுத்த வாரமே அவன் சட்டைக்கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்துவிட்டான் என்று எழுத ஆசைதான். அப்படி நடக்கவில்லை. பல மாதம் ஆயிற்று. அதுவரை நீங்கள் அவனிடம் அந்தப் பேச்சையே திரும்ப எடுக்கவில்லை, அதற்காகவும் நன்றி.

இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் உடம்பில் நீர் சேர்ந்து எடை அதிகமாக ஏறி வருகிறவர்களைப் பல இடங்களில் எல்லோர் முன்னாலும் திட்டுவார்கள். ஜன்னலோரப் படுக்கைப் பெரியவர் நான்கு கிலோ ஏறி வந்த அன்று, "என்னய்யா, ரொம்பத் தாகமா இருந்துச்சா?" என்றுதான் நீங்கள் ஆரம்பித்தீர்கள். பேசிப் பேசி உப்பில் போய் நின்றது. உப்பைக் குறைக்காமல் தண்ணீரை மட்டும் குறைக்கச் சொன்னால் யாராலும் முடியாது என்று அவர் வீட்டாருக்கும் பொறுமையாக விளக்கினீர்கள்.

அந்தப் பெரியவர் இப்போது இல்லை. டயாலிசிஸ் பிரிவில் ஒருவர் ஒரு முறை வரவில்லை என்றாலே மற்றவர்களுக்கு வயிற்றைக் கலக்கும், யாரும் வாய் திறந்து கேட்க மாட்டோம். அன்று நீங்கள் ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக வந்து, கையைப் பிடித்துக்கொண்டு, உள்ளதைச் சொன்னீர்கள். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய் அழவும் எங்களால் முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். அதனால் அன்று எங்களோடு கொஞ்சம் அதிக நேரம் நின்றீர்கள்.

உங்களோடு நிற்கும் மற்றவர்களுக்கும் நன்றி சொல்ல வேண்டும். ஒரு முறை டயாலிசிஸ் செய்யும்போது சுமார் 120 லிட்டர் திரவம் எங்கள் ரத்தத்தை ஒட்டி, மெல்லிய சவ்வுக்கு அந்தப் பக்கமாக ஓடுகிறது. அந்தத் திரவத்துக்கான தண்ணீரில் குளோரின் இல்லை என்று உறுதி செய்ய எங்களுக்கெல்லாம் முன்னால் வந்துவிடும் டெக்னீஷியன் தம்பிக்கு, படுக்கைக்குப் படுக்கை துடைத்துச் சுத்தம் செய்யும் அக்காவுக்கு, ராத்திரி மூச்சுத் திணறலோடு வருகிறவர்களைப் பார்த்துக்கொள்ளும் டாக்டர்களுக்கு, எல்லோருக்கும் எங்கள் நன்றி.

சிஸ்டர், ஷிஃப்ட் முடியும் நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு காலை மாற்றி ஒரு காலாக நிற்பீர்கள், பார்த்திருக்கிறோம். இனியாவது அந்த முழங்காலை ஒரு டாக்டரிடம் காட்டுங்கள். நேரத்துக்குச் சாப்பிடுங்கள். எப்போதாவது இந்தப் பக்கம் வந்தால், காலை ஷிஃப்ட் நேரமாகப் பார்த்து வாருங்கள். நாங்கள் எங்கேயும் போக மாட்டோம், நான்கு மணி நேரம் அங்கேயேதான் இருப்போம்.

இப்படிக்கு,
காலை ஷிஃப்ட் நோயாளிகள் சார்பாக,
உங்களிடம் கை நீட்டியவர்களில் ஒருவன்