ஞாயித்துக்கெழமயையாவது விட்டுவைங்க

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கமுங்க,

2025-26ல இருந்து பிளஸ் ஒன்னுக்கு பொதுத்தேர்வு கிடையாதுன்னு அரசு சொன்னப்ப எங்க வீட்ல பாதி சந்தோசம் பாதி வயித்தெரிச்சல், ஏன்னா 2017-18ல அந்தப் பரீட்சைய கொண்டாந்தப்ப மொத பேட்ச்ல மாட்டுனது எம்பையன், இப்ப தப்பிச்சது எம்பொண்ணு.

பிளஸ் டூவோட மொத்தம் 1200 மார்க்க 600 ஆக்குனாங்க, ஆனா வீட்ல பேச்சு அதைவிட கொறஞ்சுபோச்சு. ரெண்டு வருசமும் பையன்கிட்ட நான் பேசுனது படிச்சியா, எத்தன மார்க்கு, போனை கீழ வையி, அவ்வளவுதான். விடியகாலைல ஸ்பெஷல் கிளாசுக்கு போவான், ஜவுளிக்கடைய சாத்திட்டு நான் வர்றப்ப தூங்கிருப்பான். இன்னைக்கு பெங்களூர்ல நல்ல வேலைல இருக்கான், போன் பண்ணா அம்மாகிட்ட அரைமணி நேரம் சிரிப்பு, எங்கிட்ட குடுத்தா "சாப்டீங்களாப்பா", "ம்", "சரிப்பா அம்மாகிட்ட குடுங்க". அவன் மேல தப்பில்லீங்க, நான் பழக்குனது அப்படி.

பொண்ணு விசயத்துல உசாராயிட்டேன். ஞாயிறு காலைல டிவிஎஸ் எக்ஸெல்ல உக்காரவெச்சு சம்பத் நகர் உழவர் சந்தைக்கு கூட்டிட்டு போயிடுவேன். எதிர்ல உக்காத்திவெச்சு கேட்டா வாயே தொறக்காத புள்ள, பின்னாடி உக்காந்தா ஊர்க்கதையெல்லாம் பேசுது (பாதி எனக்கு காத்துல கேக்காது, அது வேற).

இப்ப அவ படிக்கற ஸ்கூல்ல, பேரு வேண்டாம், பரீட்சதான் இல்லியேன்னு இப்பவே பிளஸ் டூ பாடத்த ஆரம்பிச்சு, ஞாயித்துக்கெழமயும் வரச்சொல்லி வாட்ஸ்அப்ல மெசேஜ் போட்டிருக்காங்க. அரசு குடுத்த மூச்ச இவங்க புடுங்கிக்கிட்டா எப்படிங்க? அதிகாரிங்க கொஞ்சம் கவனிக்கணும். கிளாஸ் வேணும்னு போய் கேக்கற பெத்தவங்களுக்கும் சேத்துத்தான் சொல்றேன்.

ஒரு ஞாயித்துக்கெழம சந்தைல தக்காளி பொறுக்கிட்டே திடீர்னு "அப்பா எனக்கு கணக்கு மண்டைல ஏறவே மாட்டேங்குது, காமர்ஸ் குரூப்புக்கு மாறிக்கட்டுமா"ன்னா. பீஸ் கட்டியாச்சேடின்னு தொண்டை வரைக்கும் வந்துச்சு, முழுங்கிட்டு "தக்காளி ரெண்டு கிலோ போதுமா கண்ணு"ன்னு கேட்டேன். கொத்தமல்லி வாங்கற எடத்துக்கு வர்றதுக்குள்ள மூணு மாசமா டெஸ்ட் பேப்பர ஒளிச்சுவெச்சதுல இருந்து எல்லாம் அவளே சொல்லிட்டா.

இப்படிக்கு,
ஜவுளிக்கடை ஊழியர் ஒருத்தர், ஈரோடு